உங்களை எப்படி நீக்குவது? பொறுப்புக்கூறல் பற்றி ஓர் எளிய விளக்கம்

1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வெள்ளம். பாலம் நிலைகுலைந்து, தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி.அழகேசனைப் பார்த்து எழுந்த "ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா" என்ற முழக்கத்தைப் பழைய அரசியல் பேசுகிறவர்கள் இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கே பெரிய விபத்து நடந்தாலும் டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் சாஸ்திரி பெயர் வந்துவிடும். "அந்தக் காலத்து மனுஷங்க பொறுப்பேத்துக்கிட்டாங்க, இப்ப யாரு ஏத்துக்கறா?" என்று பேச்சு முடியும். சாஸ்திரி மேல் எனக்கும் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

சாஸ்திரி விலகியது அவருடைய மனசாட்சி சொன்னதால். அதே நாற்காலியில் மனசாட்சி மந்தமான ஒருவர் இருந்திருந்தால், இறந்தவர்களின் குடும்பங்கள் என்ன செய்திருக்க முடியும்? சாஸ்திரியிடம் இருந்தது பொறுப்புணர்வு. அது ஆளுக்குள்ளே இருப்பது. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பொறுப்புக்கூறல் வேறு. அதிகாரம் வைத்திருப்பவர், அந்த அதிகாரத்தால் வாழ்வோ தாழ்வோ அடைகிறவர்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் சரியில்லை என்றால் அதற்கு ஒரு விளைவு இருந்தே ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் பொறுப்புக்கூறல். நல்லவர் வந்து உட்காருவார் என்று அது காத்திருப்பதில்லை.

இந்த வித்தியாசத்தை எனக்குத் தெளிவாக்கியவர் டோனி பென். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், தொழிற்கட்சிக்காரர். 1925-இல் பிறந்து 2014-இல் இறந்தவர். ஜனநாயகம், மருத்துவம், பொறுப்புக்கூறல் ஆகிய மூன்றையும் அவர் ஒரே வாதமாகவே பேசினார். ஆஸ்பத்திரிக் கட்டில் யாருக்குக் கிடைக்கிறது என்பதிலிருந்து ஒரு நாட்டின் ஜனநாயகத்தை அளந்துவிடலாம் என்பது போன்ற வாதம் அது. அதற்குப் போவதற்கு முன்னால், வீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம்.

அபார்ட்மென்ட் செயலாளர்

நாற்பது வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மென்ட். வீட்டுக்கு வீடு மாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். போர் மோட்டார் ரிப்பேர், லிஃப்ட், வாட்ச்மேன் சம்பளம், கோடையில் டேங்கர் லாரித் தண்ணீர் எல்லாம் அந்தப் பணத்தில்தான். பணத்தை வைத்துச் செலவு செய்கிறவர் செயலாளர்.

முதலாவது செயலாளர் தங்கமானவர். மாதக் கடைசியில் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். இரண்டாவது ஆள் அப்படியில்லை. கணக்குக் கேட்டால் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்பார். ஆனால் கூட்டம் என்ற ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் இருக்கிறது. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் அவசரக் கூட்டம் கூட்டலாம் என்று சங்க விதியில் இருக்கிறது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. வீட்டை விற்ற பிறகும் கட்டுநர் நிர்வாகத்தைச் சங்கத்திடம் ஒப்படைக்கவில்லை. அவர் வைத்த மேனேஜர் ஒருவர் இருக்கிறார். பாவம், சிரித்த முகம், மரியாதையாகப் பேசுவார், சில நாட்களில் முதலாமவரைவிடச் சுறுசுறுப்பாகக்கூட வேலை செய்வார். ஆனால் சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்து ஒரு வாரமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அவரிடம் நாம் கெஞ்சலாம், கோபப்படலாம். மாற்ற முடியாது. அவருக்குச் சம்பளம் தருவது கட்டுநர். அவர் பதில் சொல்வதும் கட்டுநருக்குத்தான்.

இந்த மூவரில் யார் மோசம்? குணத்தைப் பார்த்தால் இரண்டாமவர். ஏற்பாட்டைப் பார்த்தால் மூன்றாமவர் இருக்கும் இடம்தான் ஆபத்தானது. இரண்டாமவரை நாற்பது வீடும் சேர்ந்து இறக்கிவிடலாம். மூன்றாமவர் எவ்வளவு நல்லவரானாலும் நம்மிடம் இருப்பது மனுப் போடும் உரிமை மட்டுமே.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால், பொறுப்புக்கூறலுக்கு மூன்று தேவை: என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வழி, ஏன் என்று கேட்க ஓர் இடம், பதில் பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றும் வலு. மூன்றாவது இல்லாத இடத்தில் முதல் இரண்டும் நாளடைவில் சடங்காகிவிடும்.

ஐந்து கேள்விகள்

2001 மார்ச் 22. 1950-இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டோனி பென், காமன்ஸ் சபையில் தம் கடைசி உரையை ஆற்றினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைக்குப் பெயர் காமன்ஸ் சபை. அதிகாரம் உள்ள ஒருவரைச் சந்தித்தால் அவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள் என்றார் பென்:

உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அது உங்களுக்கு எங்கிருந்து வந்தது? யாருடைய நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறீர்கள்? யாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்? உங்களை நாங்கள் எப்படி நீக்குவது?

நம்மை ஆளுகிறவர்களை நம்மால் நீக்க முடியாது என்றால் நாம் வாழ்வது ஜனநாயக அமைப்பிலேயே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதிகாரம் உள்ளவர்களுக்கு உதாரணமாக அவர் சொன்ன பெயர்களையும் கவனிக்க வேண்டும்: ஹிட்லர், ஸ்டாலின், பில் கேட்ஸ். முதல் இருவரும் சர்வாதிகாரிகள். மூன்றாமவர் ஒரு தொழிலதிபர், சட்டத்துக்கு உட்பட்டுக் கம்பெனி நடத்தியவர். இவர்களை ஒரே தட்டில் வைத்து எடை போடுவது பென்னின் நோக்கம் இல்லை. அதிகாரம் கோட்டையில் மட்டும் இருப்பதில்லை, கம்பெனியிலும் வங்கியிலும் இருக்கிறது, அங்கேயும் இதே ஐந்தைக் கேட்கலாம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

கேள்விகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும் விதம்தான் என்னை அசத்தியது. மூன்றாவது கேள்விக்கு உலகத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "மக்களுக்காக." வாய்வார்த்தையை வைத்து அதைச் சோதிக்க முடியாது. ஆகவே நான்காவது கேள்வி வருகிறது. அதற்கும் "மக்களுக்குத்தான்" என்று சொல்லிவிடலாம். அப்போது ஐந்தாவது வந்து நான்காவதைப் பிடித்துக்கொள்கிறது: எங்களுக்குத்தான் பதில் சொல்கிறீர்கள் என்றால், சரி, உங்களை அனுப்புவதற்கு எங்களிடம் என்ன வழி இருக்கிறது? அதற்குப் பதில் இல்லை என்றால் முன்பு சொன்ன நான்கும் மரியாதைப் பேச்சு.

ஜனநாயகம் என்றால் நமக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வந்திருக்கிறோம். பென் அதை மறுமுனையில் பிடிக்கிறார். தேர்ந்தெடுப்பதில் தவறு நேரலாம், நேரும். அந்தத் தவறை ரத்தம் சிந்தாமல் திருத்திக்கொள்ள முடிகிறதா என்பதே அவருக்கு அளவுகோல்.

வேண்டாம் என்றாலும் ஒட்டிக்கொண்ட பட்டம்

இந்த ஐந்தாவது கேள்வியைப் பென் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. அவர் மேலேயே விழுந்த கேள்வி அது.

அவருடைய அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்கான அமைச்சர். வட்டமேஜை மாநாட்டுக்கு 1931-இல் காந்தி லண்டன் வந்தபோது, ஆறு வயதுச் சிறுவனாக அவரைப் பார்த்ததைப் பென் பிற்காலத்தில் நினைவுகூர்வார். இரண்டாம் உலகப் போரின்போது அப்பாவுக்குப் பிரபுப் பட்டம் கொடுக்கப்பட்டது: விஸ்கவுன்ட் ஸ்டான்ஸ்கேட். அன்றைய சட்டப்படி அது தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குப் போகும். மூத்தவர் மைக்கேல் விமானப்படையில் இருந்தார்; 1944-இல் உயிரிழந்தார். பட்டம் இளையவரான டோனியின் தலைக்கு நேராக வந்து நின்றது.

பட்டம் வந்தால் என்ன குறை என்று தோன்றலாம். பிரபுக்கள் சபை என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவை. அதில் இருப்பவர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் பிறப்பால் அங்கே உட்கார்ந்தவர்கள். பிரபுவாக இருப்பவர் காமன்ஸ் சபையில் உறுப்பினராக முடியாது. பட்டத்தை வேண்டாம் என்று சொல்லவும் சட்டம் இடம் தரவில்லை. பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பென், 1960 நவம்பர் 17 அன்று அப்பா இறந்த அந்த நொடியிலேயே அவர்களுடைய பிரதிநிதி என்ற இடத்தை இழந்தார்.

1961 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. பென் அதிலேயே நின்றார். சட்டப்படி செல்லாது என்று தெரிந்தும், எதிராளியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வாக்குகளை மக்கள் அவருக்குக் கொடுத்தார்கள். எதிர்முகாமைச் சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சில்கூட அவருக்கு ஆதரவாகக் கடிதம் கொடுத்திருந்தார். பயனில்லை. சபைக்குள் போக முயன்றவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். தேர்தல் வழக்கை விசாரித்த நீதிமன்றம், தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேர் ஜெயித்ததாக அறிவித்தது. அந்த வேட்பாளரும் அப்போது ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசாக நின்றவர்தான்.

இந்த இடத்தில் ஐந்து கேள்விகளைப் பொருத்திப் பாருங்கள். பிரிஸ்டல் மக்களால் நீக்க முடிந்த ஒருவரைச் சட்டம் தூக்கி, யாராலும் நீக்க முடியாத சபையில் கொண்டுபோய் வைத்தது. அவர்கள் போட்ட வாக்கைவிட ஒரு குடும்பத்தின் ரத்த உறவு கனமானதாகிவிட்டது. பென் விடவில்லை. இரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1963 ஜூலை 31 அன்று, பட்டத்தைத் துறக்கலாம் என்று சட்டம் வந்தது. அன்று மாலை ஆறு மணி வாக்கில் அரசியின் ஒப்புதல் கிடைத்தது. அரை மணி நேரத்துக்குள் பென் கையெழுத்துப் போட்டுப் பட்டத்தைத் துறந்தார். பட்டத்தைத் துறந்த முதல் ஆள் அவர்தான். செயின்ட் கிளேரும் சொன்ன சொல் தவறாமல் இடத்தைக் காலி செய்தார். ஆகஸ்டில் மீண்டும் இடைத்தேர்தல், பென் மீண்டும் சபைக்குள். அதே ஆண்டு அக்டோபரில் பிரதமரான இன்னொருவரும் அதே சட்டத்தைப் பயன்படுத்திப் பட்டத்தைத் துறந்தார்: கன்சர்வேட்டிவ் கட்சியின் அலெக் டக்ளஸ்-ஹோம்.

பிறப்பால் வந்த பிரபுக்களில் பெரும்பாலானவர்களை 1999-இல் ஒரு சட்டம் வெளியேற்றியது. அப்போதும் 92 பேரை விட்டுவைத்தார்கள்.

பணப்பையிலிருந்து வாக்குச்சீட்டுக்கு

இனி மருத்துவத்துக்கு வருவோம். 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்துக்காக, பிரிட்டனில் எல்லோருக்கும் மருத்துவம் எப்படி வந்தது என்று பென்னிடம் கேட்டார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்காமல் வாக்குரிமையிலிருந்து தொடங்கினார்.

அவர் வாதத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். வாக்குரிமை இல்லாத காலத்தில் எல்லா அதிகாரமும் பணம் இருந்தவர்கள் கையில். பணம் இருந்தால் டாக்டர், பள்ளிக்கூடம், முதுமைக்கு வீடு எல்லாம் கிடைக்கும். இல்லாவிட்டால் இல்லை. சந்தையில் கனமான பணப்பைக்குப் பல குரல், காலிப் பைக்கு ஒரு குரலும் இல்லை. வாக்குச்சாவடியில் அப்படியில்லை. சுரங்க முதலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. ஆக எல்லோருக்கும் வாக்கு வந்தபோது அதிகாரம் பணப்பையிலிருந்து வாக்குச்சீட்டுக்கு இடம்பெயர்ந்தது. தனித்தனியாக வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்கிக்கொள்ள ஏழைகளுக்கு ஒரு வழி திறந்தது.

தேதிகளைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். 1911-இல் பிரிட்டனில் ஒரு காப்பீட்டுச் சட்டம் வந்தது. காப்பீடு என்றால், நோய் வருவதற்கு முன்பே பலரும் சிறு தொகை கட்டிவைத்து, நோய் வந்தவருக்கு அதிலிருந்து செலவு செய்வது. அந்தச் சட்டப்படி குறைந்த வருமானமுள்ள தொழிலாளி டாக்டரைப் பார்க்கலாம். அவர் மனைவியும் பிள்ளைகளும் பார்க்க முடியாது. அப்போது பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை. 1918-இல் ஆண்கள் எல்லோருக்கும், 30 வயதைத் தாண்டிச் சொத்துத் தகுதியும் உள்ள பெண்களுக்கும் வாக்கு வந்தது. 1928-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக 21 வயதில். அந்த முழு வாக்காளர் பட்டியல் போருக்குப் பிறகு 1945-இல் தொழிற்கட்சியைப் பெரும்பான்மையோடு ஆட்சியில் அமர்த்தியது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது: ஆணோ பெண்ணோ குழந்தையோ, வேலை உள்ளவரோ இல்லாதவரோ, எல்லோருக்கும். வாக்குரிமை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். போரும் ஒரு பெரிய காரணம். பென்னும் அதைச் சொன்னார்: ஆட்களைக் கொல்வதற்கு ஓர் அரசால் பணம் திரட்ட முடியும் என்றால், ஆட்களைக் காப்பாற்றவும் திரட்ட முடியும்.

இந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அமைச்சர் அனைரின் பெவன். பதின்ம வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். அவர் பிறந்த வேல்ஸ் ஊரான டிரெடீகரில், சுரங்க, இரும்பாலைத் தொழிலாளிகள் வாரக் கூலியில் சிறு பங்கு போட்டு, சங்கம் வைத்து, டாக்டர்களை அமர்த்தி ஊருக்கே வைத்தியம் நடத்தினார்கள். பெவன் நாடு முழுவதற்கும் செய்தது அதைத்தான்.

இங்கே நம்மிடம் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். "பிரிட்டனில் வைத்தியம் இலவசம்" என்கிறோம். இலவசம் என்ற சொல்லோடு, யாரோ கொடுக்க யாரோ கை நீட்டி வாங்குகிறார்கள் என்ற படமும் மனதில் வந்துவிடுகிறது. 1948-இல் வீடுகளுக்கு அனுப்பிய துண்டறிக்கையைப் பென் அந்தப் பேட்டியில் வாசித்துக் காட்டினார். இது தருமம் அல்ல என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. முக்கியமாக வரி கட்டுவதன் மூலம் நீங்கள் எல்லோரும் இதற்குப் பணம் கொடுக்கிறீர்கள், நோயுற்ற நேரத்தில் இது உங்கள் பணக்கவலையைத் தீர்க்கும் என்று எழுதியிருக்கிறது.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது நமக்குத் தெரியும். வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லோரும் கொடுத்திருப்பதால், பந்தியில் உட்காருகிறவரை யாரும் ஓசியில் சாப்பிடுகிறார் என்று சொல்வதில்லை. பந்தியில் இலைக்குக் காசு வாங்காததால் சாப்பாடு சும்மா வந்ததாகவும் ஆகிவிடாது. பிரிட்டிஷ் ஏற்பாடும் அந்த மாதிரிதான், ஒரு வித்தியாசத்தோடு: தலைக்கட்டு வரி எல்லா வீட்டுக்கும் ஒன்று, அங்கே வருமானம் கூடினால் வரியும் கூடும். கொடுப்பது வசதிக்கு ஏற்ப, எடுப்பது நோய்க்கு ஏற்ப. கட்டணமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1951-இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் போட அரசு முடிவு செய்தது. பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் 1952-இல் வந்தது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் அதைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இன்னும் உண்டு.

தருமம் என்றால் கொடுப்பவருக்கு நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. வரி என்றால் கணக்குக் கேட்கலாம். மருத்துவமும் பொறுப்புக்கூறலும் சந்திக்கும் இடம் இது.

கீழே விழுந்த பாத்திரத்தின் சத்தம்

டிரெடீகர் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்கைநோயாளியின் மலப்பாத்திரம் கீழே விழுந்தால், அந்தச் சத்தம் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் கேட்க வேண்டும் என்று பெவன் சொன்னதாக ஒரு வாசகம் வழங்குகிறது. ஒரு வார்டில் நடக்கும் தவறுக்கு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பது பொருள்.

சத்தம் எந்த வழியாகப் போய்ச் சேரும்? இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்காக ஒரு பாட்டி மாதக்கணக்கில் காத்திருக்கிறார் என்று வையுங்கள். தொகுதி எம்.பி.யைப் பார்க்கப் போகிறார். பிரிட்டனில் எம்.பி. மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு 'சர்ஜரி' என்று பெயர்; குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கும் அங்கே அதே சொல்தான். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. எம்.பி. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதுவார். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதார அமைச்சரிடம் சபையில் கேள்வி எழுப்புவார். செலவுக் கணக்கைத் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்க்கிறது. அதன் அறிக்கைகளை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அலசுகிறது. அடுத்த தேர்தலில் பாட்டி கையில் வாக்குச்சீட்டு. நோயாளி, எம்.பி., அமைச்சர், நாடாளுமன்றம், மறுபடியும் நோயாளி: கண்ணிகள் கோத்த ஒரு வட்டச் சங்கிலி.

அதே பாட்டி தனியார் காப்பீட்டுக் கம்பெனியிடம் போயிருந்தால்? கம்பெனியில் இருப்பவர்கள் இளகிய மனதுக்காரர்களாகவே இருக்கட்டும். பென்னின் நான்காவது கேள்விக்கு அவர்களுடைய பதில் "பங்குதாரர்களுக்கு". ஐந்தாவதுக்குப் பதில், "எங்களைப் பங்குதாரர்கள் நீக்கலாம், நீங்கள் வேறு கம்பெனிக்குப் போகலாம்." உடம்பு நன்றாக இருக்கும்போது வேறு கம்பெனிக்குப் போகலாம். நோய் வந்த பிறகு எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்?

சங்கிலி அறுந்த இடம்

பென்னும் பெவனும் சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

1970-கள் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை, இதே தேசிய சுகாதாரச் சேவையில் 30,000-க்கும் அதிகமானோருக்கு நோய்க்கிருமி கலந்த ரத்தமும் ரத்தப் பொருட்களும் ஏற்றப்பட்டன. ரத்தம் உறையாத பிறவிக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். பலருக்கு எச்.ஐ.வி., பலருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி. இறந்தவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். விசாரணை ஆணையத்தின் தலைவர் சர் பிரையன் லாங்ஸ்டாஃப் 2024 மே 20 அன்றுதான் அறிக்கை கொடுத்தார். நடந்தது விபத்து அல்ல, உண்மை பல்லாண்டுகளாக மறைக்கப்பட்டது என்று அதில் எழுதினார். எத்தனை பேர் அந்த அறிக்கையைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனத்துப்போகிறது.

வாக்குச்சீட்டு இருந்தது. நாடாளுமன்றம் இருந்தது. அமைச்சர்கள் சபையில் பதிலும் சொன்னார்கள். அப்புறம் ஏன் இப்படி? அபார்ட்மென்ட் உதாரணத்தில் சொன்ன மூன்றில் முதலாவது, அதாவது தெரிந்துகொள்ளும் வழி, அடைபட்டுக் கிடந்தது. ஆவணங்கள் அழிக்கப்பட்டன. கிடைத்த சிகிச்சைகளில் சிறந்ததையே கொடுத்தோம் என்று ஓர் அரசு சொன்னதை அடுத்த அரசும் திருப்பிச் சொன்னது. கட்சி மாறியது, பதில் மாறவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்தார்கள்; ஒரு தொகுதியின் முடிவை மாற்றும் எண்ணிக்கை எங்கும் இல்லை.

கடைசியில் சங்கிலியை மறுபடி கோத்ததும் ஒரு சிறு கண்ணிதான். ஹல் நகரத் தொகுதி எம்.பி. டயானா ஜான்சன், தம்மைத் தேடி வந்த ஒரு தொகுதிக்காரர் சொன்னதைக் கேட்டு இதைக் கையில் எடுத்தார், ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்தார். இழப்பீட்டுக்கான அமைப்பை உருவாக்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த திருத்தம், அரசின் எதிர்ப்பையும் மீறி 2023 டிசம்பரில் காமன்ஸ் சபையில் நான்கே வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றது.

தொலைவு இன்னொரு சிக்கல். சேவையின் அன்றாட நிர்வாகத்தில் அரசியல்வாதிகள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று, 2012-இல் ஒரு சட்டத்தின் மூலம் இங்கிலாந்தில் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். நல்ல நோக்கம் இருக்கலாம். ஆனால் பாத்திரம் விழுந்தால் அமைச்சர் "அது அந்த அமைப்பின் வேலை" என்று கை காட்டலாம். அமைப்பு "நிதி கொடுப்பது அமைச்சர்" என்று திருப்பிக் கை காட்டலாம். பொறுப்பு இருவரிடம் இருந்தால் பதில் ஒருவரிடமும் இருக்காது. 2025 மார்ச்சில் பிரதமர் கியர் ஸ்டார்மர் அந்த அமைப்பைக் கலைக்கப்போவதாக அறிவித்தார். சேவையின் நிர்வாகத்தை மீண்டும் ஜனநாயகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதே நோக்கம் என்றார்.

ஐந்தாவது கேள்வியை எங்கே நிறுத்துவது

டாக்டரையும் தேர்தல் வைத்துத்தான் நியமிக்க வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். வேண்டியதில்லை. நீதிபதியை வாக்கெடுப்பில் தூக்கியெறிய முடிந்தால், ஊருக்குப் பிடிக்காத ஒருவனுக்கு நியாயமான தீர்ப்பு கிடைக்காது. எந்த ஊசி வேலை செய்யும் என்பதை வாக்கெடுப்பு தீர்மானிக்க முடியாது. ஐந்து கேள்விகளை நான் புரிந்துகொண்டிருப்பது இப்படி: அதிகாரம் உள்ள ஒவ்வொருவரையும் நாம் நேராக நீக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை நீக்கக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும், அவரை நீக்கக்கூடிய இன்னொருவர், இப்படிப் போய் அந்த வரிசை எங்காவது ஒரு வாக்காளரிடம் வந்து முடிய வேண்டும். டாக்டரை மருத்துவக் கவுன்சில் கேள்வி கேட்கட்டும், கவுன்சிலுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றட்டும், நாடாளுமன்றத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவில் நாலைந்து ஆண்டுகள் இருக்கின்றன என்பதும் நியாயமான குறை. பென் இதை உணர்ந்திருந்தார். பதவியில் இருக்கும் எம்.பி. அடுத்த தேர்தலில் நிற்க, தம் கட்சியின் உள்ளூர் உறுப்பினர்களிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று தொழிற்கட்சிக்குள் போராடினார். சொந்தக் கட்சியிலேயே அதற்காகப் பகையும் சம்பாதித்தார். அவர் இறந்த பிறகு 2015-இல் திரும்ப அழைக்கும் சட்டம் ஒன்று வந்தது. எம்.பி. குற்ற வழக்கில் தண்டனை பெறுவது போன்ற சில சூழல்களில், தொகுதி வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் ஆறு வாரங்களுக்குள் கையெழுத்திட்டால் இடம் காலியாகும், இடைத்தேர்தல் வரும். 2019-இல் மட்டும் இரண்டு தொகுதிகளில் மக்கள் அப்படிச் செய்தார்கள்.

பென் நாடாளுமன்றத்தில் விட்டுச்சென்ற ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. 1911 ஏப்ரல் 2 இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி வைல்டிங் டேவிசன் என்ற பெண், வெஸ்ட்மின்ஸ்டர் கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சிற்றாலயத்தில் துடைப்பம் வைக்கும் அறை ஒன்றில் ஒளிந்துகொண்டார். அன்றிரவு தங்கியிருந்த இடம் எது என்ற கேள்விக்குக் காமன்ஸ் சபை என்று பதிவாக வேண்டும் என்பதற்காக. தொழிலாளிக்கு டாக்டரைக் கொடுத்து மனைவியை விட்டுவிட்ட அந்தக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டின் கடைசியில்தான். எண்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல், டோனி பென் ஒரு பித்தளைத் தகட்டில் அந்தக் கதையைப் பொறித்து எடுத்துக்கொண்டு போனார். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து, அந்தத் துடைப்ப அறைக் கதவின் உட்புறத்தில் தம் கையாலேயே அதை முடுக்கிவிட்டு வந்தார்.